ஆலோசனை சொல்வதும் ஒரு வேலையா?

போடிநாயக்கனூரில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கான உயர்கல்வி வழிகாட்டுதல் நிகழ்ச்சிக்கு என்னை அழைத்திருந்தார்கள். கணினித் துறையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தேன், இப்போது எந்த நிறுவனத்திலும் இல்லை, சொந்த ஊருக்கு வந்து தனியாகத் தொழில்நுட்ப ஆலோசகராக இருக்கிறேன் என்று சொன்னேன். மூன்றாவது வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சார், எங்கம்மா விடியக்காலம் ஜீப்புல ஏறி மலைக்குக் காயெடுக்கப் போவாங்க. வேலைக்குப் போனாத்தான் சம்பளம். நீங்க சும்மா ஆலோசனை சொன்னா யாராவது காசு குடுப்பாங்களா?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது உண்மையான சந்தேகம். அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அந்தக் கேள்வியை உங்கள் வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கலாம். அதனால் நிதானமாக யோசித்த பதிலை ஆசிரியர்களாகிய உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு வேலை எப்படி வளர்கிறது?

என் அம்மா போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கும் வேலை பார்த்தவர். நான் தமிழ்வழியில் படித்தவன். மதுரையில் கணினிப் பயன்பாட்டியல் முதுகலை முடித்து, 1995-இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் அந்த 27 ஆண்டுகளும் மூன்று படிகளாகத் தெரிகின்றன.

முதல் படி, சொன்னதைச் சரியாகச் செய்வது. அப்போது 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைச் சரிசெய்யும் வேலை நிறைய இருந்தது. பழைய நிரல்களில் இடத்தை மிச்சப்படுத்த ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதியிருந்தார்கள். 1965-இல் பிறந்தவரின் வயதை 1999-இல் கணக்கிட்டால் 99-லிருந்து 65 போக 34 என்று சரியாக வரும். அதே கணக்கு 2000-இல் 00-லிருந்து 65 போக மைனஸ் 65 என்றாகிவிடும். வட்டி, ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் தப்பாகிவிடும். ஆயிரக்கணக்கான வரிகளைப் படித்து, ஆண்டு வரும் இடங்களைத் தேடித் திருத்தினோம். அலுப்பான வேலைதான். பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கத்தை அதுதான் எனக்குத் தந்தது.

இரண்டாம் படி, ஏன் என்று கேட்பது. ஒரு நிதி நிறுவனத்தின் கிளைகளுக்குக் கடன் விண்ணப்ப மென்பொருள் செய்து கொடுத்தோம். எட்டு மாதம் கழித்து ஒரு கிளைக்குப் போனேன். முகப்பில் இருந்த ஊழியர் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, முதலில் அதில் எழுதிவிட்டுப் பிறகு கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டேன். எங்கள் திரை முதலில் கணக்கு எண்ணைக் கேட்டது. வருகிறவர்களோ பெயரையும் ஊரையும்தான் சொன்னார்கள். எண்ணைத் தேடி எடுக்கும்வரை எழுதிவைக்க அவருக்கு நோட்டு தேவைப்பட்டது. திருத்த இரண்டு நாள் போதுமாக இருந்தது. கேட்பதற்கு எங்களுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

மூன்றாம் படி, பிறர் பணத்தில் முடிவெடுப்பது. எதைச் செய்யலாம் என்பதைவிட எதைச் செய்ய வேண்டாம் என்று சொல்வது கடினம் என்று அங்கே தெரிந்துகொண்டேன். புதிது என்பதற்காகவே வாங்கி, ஆறு மாதத்தில் மூலையில் போடப்பட்ட பொருள்களை நான் கண்டிருக்கிறேன். அவற்றில் சிலவற்றை வாங்கக் கையெழுத்துப் போட்டவனும் நானே.

இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் ஆலோசனைக்கு மதிப்பு வருகிறது. ஆகவே மாணவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இது படித்து முடித்ததும் கிடைக்கும் முதல் வேலை அல்ல. நீண்ட காலம் ஒரு தொழிலைச் செய்து, அதில் தவறும் செய்து, அதைத் திருத்தியவருக்குப் பின்னால் திறக்கும் வாசல்.

தனி ஆலோசகர் என்பவர் யார்?

ஒரு தோட்டக்காரருக்கோ பள்ளிக்கோ கடைக்கோ கணினி சார்ந்த ஒரு பொருள் தேவைப்படுகிறது என்று வையுங்கள். அவர்களுக்கு வழி சொல்ல மூன்று பேர் இருக்கலாம். முதலாமவர் அங்கேயே சம்பளம் வாங்குபவர். அவருக்கு இடம் தெரியும், ஆனால் முதலாளிக்குப் பிடிக்காததைச் சொல்லத் தயங்கலாம். இரண்டாமவர் பொருளை விற்பவர். அவருக்குப் பொருள் தெரியும், ஆனால் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அவருக்கு வியாபாரம் இல்லை. மூன்றாமவர் தனி ஆலோசகர். அவர் எதையும் விற்பதில்லை. பார்த்து, கேட்டு, அளந்து, எழுத்தில் அறிக்கை தருகிறார். அதற்கு மட்டும் கூலி வாங்குகிறார்.

கூலி நாள் கணக்கிலோ, ஒரு வேலைக்கு இவ்வளவு என்றோ முன்கூட்டியே பேசப்படும். விற்பவரிடம் கமிஷன் வாங்கினால் அன்றே அவர் ஆலோசகர் அல்ல, தரகர்.

இந்த வாழ்க்கையின் மறுபக்கத்தையும் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டாம். மாதச் சம்பளம் இல்லை. சேமநல நிதி, மருத்துவக் காப்பீடு எல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு செய்ய வேண்டும். வேலை இல்லாத மாதங்கள் உண்டு. தொடங்கும் முன் ஓராண்டுச் செலவுக்குப் பணம் சேர்த்துவைத்திருந்ததால்தான் நான் தாக்குப்பிடித்தேன்.

மலையில் நான் செய்த தவறு

ஊர் திரும்பிய முதல் ஆண்டில் நடந்தது இது. போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டக்காரர் என்னைக் கூப்பிட்டார். மலையில் ஏலக்காய் உலர்த்தும் கூடத்தை ‘ஸ்டோர்’ என்பார்கள். பறித்த காயில் ஏறக்குறைய 80 விழுக்காடு ஈரம் இருக்கும். அதைச் சுமார் 10 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் உலர்த்த வேண்டும். சூடு கூடினால் காயின் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் விலை போய்விடும். அதனால் இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும்.

நான் வெப்பநிலை உணரியைப் பொருத்தி, சூடு எல்லை தாண்டினால் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி செய்யச் சொன்னேன். இரவுக் காவலுக்கு ஆள் வேண்டாம், செய்தி வந்தால் எழுந்து போனால் போதும் என்று அறிக்கையில் எழுதினேன். பகலில் இரண்டு முறை சோதித்தேன். சரியாக வேலை செய்தது.

ஆடி மாதம். சாரல் நிற்காமல் பெய்த இரவு. மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் கைப்பேசிச் சிக்னலும் போனது. விறகு அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. எச்சரிக்கைச் செய்தி யாருக்கும் வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தபோது ஒரு முழு அடுக்குக் காய் வெளுத்துக் கிடந்தது. பலர் பல நாள் குனிந்து பறித்த காய் அது.

நான் போய் நின்றபோது தோட்டக்காரர் எதுவும் பேசவில்லை. பல ஆண்டுகளாக அங்கே அடுப்புப் பார்த்தவர், என்னைவிட மூத்தவர், ஒரு கைப்பிடிக் காயை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். “தம்பி, காய் காஞ்சுச்சான்னு சத்தத்துலயே தெரிஞ்சிரும். மழைக்கு இங்க கரண்டும் நிக்காது, டவரும் நிக்காது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

கேட்டிருக்கலாம். நிதி நிறுவனத்தில் அந்த நோட்டைப் பார்த்தபோதே கற்றுக்கொண்ட பாடம்தான். 27 ஆண்டு அனுபவம் இருக்கிறது என்ற நினைப்பில் அதை மறந்திருந்தேன். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். நட்டத்தை அது ஈடுகட்டவில்லை.

அடுத்த ஒரு வாரம் இரவில் அவருடன் ஸ்டோரில் உட்கார்ந்திருந்தேன். பிறகு புதிய அறிக்கை எழுதினேன். இரவு ஆள் கட்டாயம் வேண்டும். உணரியும் இருக்கட்டும். ஆனால் செய்தி கைப்பேசிக்குப் போக வேண்டாம், பேட்டரியில் ஓடும் மணி அறைக்குள்ளேயே அடிக்கட்டும். சுவரில் ஒரு தாளை ஒட்டி, மணிக்கு ஒருமுறை சூட்டை எழுதட்டும். செலவு முன்பு சொன்னதில் பாதிகூட இல்லை. இந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது.

அன்றிலிருந்து எந்த வேலையை ஏற்கும் முன்பும் மூன்று கேள்விகளை என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்குக் கருவியோ செயலியோ பரிந்துரைக்க யாராவது வந்தால் நீங்களும் அவரிடம் கேட்கலாம். இதைச் சொல்பவருக்குப் பணம் தருவது யார்? பயன்படுத்தப்போகும் இடத்தையும் ஆளையும் அவர் நேரில் பார்த்தாரா? இது தவறிப்போனால் நட்டம் யாருடையது?

திரையும் உள்ளங்கையும்

அப்படியானால் தொழில்நுட்பம் வேண்டாமா என்று கேட்பீர்கள். போடியிலேயே அதற்கு விடை இருக்கிறது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நம் ஊரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தின் புத்தடியிலும் நடக்கிறது. முன்பு வாயால் கூவி விலை கேட்ட ஏலம், 2007-இல் கணினிக்கு மாறியது. வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன் அமர்ந்து பொத்தானை அழுத்தி விலையை ஏற்றுகிறார்கள். இறுதி விலை எல்லார் கண்ணுக்கும் முன்னால் பதிவாகிறது.

ஆனால் விலை கேட்கும் முன், ஒவ்வொரு குவியலின் மாதிரியும் அவர்கள் கைக்கு வருகிறது. உள்ளங்கையில் கொட்டி, நிறத்தையும் பருமனையும் பார்த்து, உரித்து முகர்ந்து, பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகிறது. விலையைப் பதிவதைக் கணினி செய்கிறது. காயை மதிப்பிடுவதைக் கை செய்கிறது. எதைக் கருவியிடம் விடுவது, எதை மனிதரிடம் வைத்துக்கொள்வது என்று பிரித்துச் சொல்வதே என் வேலையின் சாரம்.

உங்கள் கையில் இருக்கும் ஓர் உதாரணம்

இதே வாழ்க்கைப் பாதையைப் பெரிய அளவில் நடந்து காட்டியவர் பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன். வாணியம்பாடியில் 1928-இல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் படித்து, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர், ஐக்கிய நாடுகள் அவையில் அறிவியல் தொழில்நுட்பப் பணி, 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று நீண்ட பயணம் அவருடையது.

அதன் பிறகும் அவரை அரசு ஆலோசனைக்கு அழைத்துக்கொண்டே இருந்தது. தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு குறித்து ஆராய 2006-இல் அமைந்த குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். தேர்வை நீக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது, சட்டமும் வந்தது. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே பொறியியல் கல்லூரிக்குப் போக அது வழிவிட்டது. 2017-இல் பள்ளிக் கலைத்திட்டத்தை மாற்றியமைக்க அரசு அமைத்த உயர்மட்டக் குழுவுக்கும் அவரே தலைவர். 2018-இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. அவற்றில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீட்டை நீங்கள் வகுப்பில் பயன்படுத்தியிருப்பீர்கள். அவர் 2021-இல் மறைந்தார்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆலோசகர் சட்டம் போடுவதில்லை, ஆணை பிறப்பிப்பதில்லை. முடிவு மற்றவர் கையில். சரியான முடிவெடுக்கத் தேவையானதைத் திரட்டி, புரியும்படி முன்வைப்பது வரைதான் அவர் பங்கு.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

நல்ல ஆலோசகருக்கு வேண்டியவை நான்கு: கேட்பது, அளப்பது, தெளிவாக எழுதுவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. நான்கும் பள்ளியிலேயே தொடங்கக்கூடியவை. இதற்குக் கணினி தேவையில்லை.

தொடக்க வகுப்புகளில்: வீட்டில் பெரியவர் ஒருவர் செய்யும் வேலையைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டு வரச் சொல்லுங்கள். ‘எப்படிச் செய்வீர்கள்?’, ‘அது சரியாக வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?’, ‘எதில் சிரமம்?’ என்பவை போதும். இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகள் உங்களையே வியக்க வைக்கும்.

நடுநிலை வகுப்புகளில்: பள்ளியில் சொட்டும் ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் நிறைய 20 நிமிடம் ஆகிறது என்றால் மணிக்கு 3 லிட்டர், நாளுக்கு 72 லிட்டர், 30 நாளில் 2,160 லிட்டர். மாணவர்கள் அளந்து, துப்புரவுப் பணியாளரிடமும் கேட்டு, தலைமையாசிரியருக்கு அரைப்பக்க அறிக்கை எழுதட்டும். அதில் இரண்டு வழிகளும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவும் இருக்க வேண்டும்.

உயர், மேல்நிலை வகுப்புகளில்: ஊர்த் தொழிலையே கணக்காக்குங்கள். 80 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ பச்சை ஏலக்காயில் ஈரம் நீங்கலான பகுதி 20 கிலோ. 10 விழுக்காடு ஈரம் இருக்கும்படி உலர்த்தினால் அந்த 20 கிலோ மொத்தத்தில் 90 விழுக்காடு. ஆகவே கிடைப்பது சுமார் 22.2 கிலோ. ‘70 கிலோ குறையும், மீதி 30 கிலோ’ என்று பலர் முதலில் சொல்வார்கள். ஏன் அது தவறு என்று அவர்களே விவாதிக்கட்டும்.

விடை தெரியாத மாணவர் ‘தெரியவில்லை, யாரிடம் கேட்கலாம் என்று சொல்கிறேன்’ என்றால் அதற்கும் மதிப்பளியுங்கள். மலையில் என் வாயில் வராமல் போன வாக்கியம் அதுதான்.

அவளுக்குச் சொன்ன பதில்

சில வாரம் கழித்து அதே பள்ளிக்குப் போனேன். அந்த மாணவியிடம், “காசு கொடுப்பாங்க, ஆனா நான் பார்க்காததைப் பார்த்த மாதிரி சொன்னா கொடுக்கக் கூடாது” என்றேன். பிறகு, அம்மாவிடம் எந்தக் காயைப் பறிப்பது என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டு வரச் சொன்னேன்.

அடுத்த நாள் ஒரு பக்கம் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்திருந்தாள். ஒரே கொத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே இருக்கும். தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே விதை கறுத்திருக்க வேண்டும், அதைக் கரிங்காய் என்பார்கள். தோலைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். பிஞ்சைப் பறித்தால் எடை நிற்காது, பழுக்க விட்டால் நிறம் நிற்காது. அம்மாவுக்கு இது பழக இரண்டு வருடம் ஆனதாம். கடைசி வரியில் அவள் எழுதியிருந்தாள்: “இதை எங்கம்மாகிட்ட இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையாம்.”

அந்தத் தாளை ஆசிரியர் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.